கழிமுகத்துச் சின்ன மீன் என்ன சாப்பிடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெத்திலி, சாளை, பொருவா, காரல் போன்ற சின்ன மீன்கள் கழிமுகத்தில் எதைத் தின்று வளர்கின்றன என்று மாணவர்களும் மீன் வாங்குகிறவர்களும் என்னைக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொஞ்ச காலம் மீன் வயிற்றைக் கீறிப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவை. மற்ற நாட்டு ஆய்வுகளைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் இழுக்கிறேன்.

கழிமுகத்தில் அப்படி என்ன விசேஷம்?

ஆற்று நீரும் கடல் நீரும் தினமும் இழுபறி நடத்துகிற இடம் அது. வெள்ளாற்றின் வடகரையில் பரங்கிப்பேட்டை. தென்பக்கம் கிள்ளை, அதைத் தாண்டிப் பிச்சாவரம் அலையாத்திக் காடு, அப்புறம் கொள்ளிடம். சித்திரை வெயிலில் வெள்ளாற்று நீரை நாக்கில் வைத்தால் கடல் நீர்தான், லிட்டருக்கு 35 கிராம் உப்பை ஒட்டி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகி வந்தால் அதே இடத்தில் உப்பு கிட்டத்தட்டக் காணாமல் போகும். மேலேயிருந்து ஆறு உரச்சத்தைக் கொண்டுவருகிறது, கீழேயிருந்து ஓதம், அதாவது கடல் நீரின் தினசரி ஏற்ற இறக்கம், கலக்கிவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத, ஆனால் மெனு அடிக்கடி மாறுகிற உணவகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிதவை உயிரி என்றால் பாசியா, பூச்சியா?

இரண்டும்தான். நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல் அது போன போக்கில் போகிற எல்லாமே மிதவை உயிரி. டயாட்டம் போன்ற நுண்பாசிகள் தாவர மிதவை. அவற்றை மேய்கிற துடுப்புக்காலிகள் (கோபிபாட் எனப்படும், இறாலுக்குத் தூரத்து உறவான பொடி உயிர்கள்), இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றின் இளவுயிரிகள், மீன் முட்டைகள் எல்லாம் விலங்கு மிதவை. டயாட்டம் பெரும்பாலும் சில பத்து மைக்ரான் அளவு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கழிமுகத்துத் துடுப்புக்காலி ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். வெள்ளைத் தட்டில் வைத்தால் வெறுங்கண்ணுக்கே துள்ளும் புள்ளியாகத் தெரியும்.

இந்தப் பக்கத்தில் துடுப்புக்காலி என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். எனக்கு வேறு வழியில்லை. மிதவை தின்னி மீன்களின் கதை முக்கால்வாசி துடுப்புக்காலியின் கதைதான்.

வாயைத் திறந்துகொண்டு நீந்தினால் போதுமே, எல்லாம் தானாக உள்ளே போய்விடாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, தப்பெண்ணமும் இதில்தான் அதிகம். இந்த மீன்களுக்கு இரண்டு விதமான சாப்பாட்டு முறை உண்டு. ஒன்று, வாயைப் பிளந்து நீந்தி வடிகட்டுவது. இன்னொன்று, ஒவ்வோர் இரையையும் கண்ணால் பார்த்துக் கொத்துவது. ஒரே மீன் இரண்டையும் செய்யும். எப்போது எதைச் செய்வது என்பதை இரையின் அளவும் நெருக்கமும் தீர்மானிக்கின்றன.

1969இல் கலிபோர்னியாவில் நெத்திலி இனத்து மீன்களைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள். உப்பு நீரில் வாழும் சின்ன இறால் போன்ற ஆர்ட்டீமியாவின் பொடிக் குஞ்சுகளைப் போட்டபோது மீன்கள் வாயைத் திறந்து வடிகட்டின. வளர்ந்த ஆர்ட்டீமியாவைப் போட்டபோது ஒவ்வொன்றாகக் கொத்தின. கணக்கு எளிது. வாயைத் திறந்து நீந்துவது குடையை விரித்துக்கொண்டு எதிர்காற்றில் ஓடுவதைப் போல. நீர் பின்னுக்குத் தள்ளும், பலம் செலவாகும். இரை பொடியாக இருந்தாலும் நெருக்கமாக இருந்தால் அந்தச் செலவு கட்டுப்படியாகும். கொஞ்சமாக, பெரிதாக இருந்தால் கொத்துவதுதான் லாபம். நம்மூர் நெத்திலியும் கண்டதை விழுங்குகிற மீன் இல்லை என்பதுதான் என் எண்ணம். கண்டதை விழுங்குவது போல நமக்குத் தோன்றுவது, அது தேர்ந்தெடுக்கிற வேகத்தில் நம் கண் பார்க்காததால்.

வடிகட்டுவது எதை வைத்து? வீட்டில் பார்க்க முடியுமா?

தாராளமாக. மீன் கழுவும்போது செவுளைப் பிய்த்து எறிகிறோம் இல்லையா, அதை ஒரு நிமிஷம் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். வளைந்த வில் ஒன்றில் ஒரு பக்கம் சிவப்பு இழைகள் இருக்கும், அவை மூச்சுக்கு. மறுபக்கம், வாய்க்குள் பார்த்தபடி, வெள்ளையாகச் சீப்புப் பல் வரிசை இருக்கும், அது சாப்பாட்டுக்கு. நான் அதைச் செவுள் சீப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

மத்தி எனப்படும் எண்ணெய்ச் சாளையையும் நெத்திலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதல் செவுள் வில்லின் கீழ்ப்பாதியில் மட்டும் மத்திக்கு 150க்கு மேல் பற்கள் இருக்கும், 250 வரைகூடப் போகும். பேன் சீப்பு தோற்றுவிடும். சூடை வகை ஒன்றில் 50 சொச்சம். நெத்திலிக்கு 25ஐ ஒட்டி. இடைவெளி எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பொடியான இரையைப் பிடிக்கலாம். மத்தி டயாட்டத்தை அள்ளுவதும் நெத்திலி துடுப்புக்காலியைத் துரத்துவதும் இந்தச் சீப்பிலேயே எழுதியிருக்கிறது. கையில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் இருந்தால் போதும். மீன் குழம்பு வைக்கிற வீட்டில் இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது.

அப்படியானால் அது டீ வடிகட்டி மாதிரி வேலை செய்கிறதா?

பல வருஷம் அப்படித்தான் நினைத்தார்கள். வடிகட்டியில் டீத்தூள் அப்பிக்கொண்டு அடைக்கும், அதைத் தட்டிக் கொட்ட வேண்டும். மீன் செவுளைத் தட்டிக் கொட்டுவதில்லையே! 2001இல் மீனின் வாய்க்குள் நுண்ணிய கேமராவை விட்டுப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. அவர்கள் பார்த்த மீன்களில் இரை சீப்பின் மேல் மோதவே இல்லை. நீர் பக்கவாட்டில் வடிந்து வெளியேற, இரைத் துகள்கள் சீப்புக்கு இணையாகச் சறுக்கித் தொண்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தன. குறுக்கோட்ட வடிகட்டல் என்பார்கள், பால் தொழிற்சாலைகளில் பயன்படும் முறை.

கொத்தித் தின்னும்போது எந்த இரையைத் தேர்ந்தெடுக்கும்?

கண்ணில் படுவதை, தப்பிக்கத் தெரியாததை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகவும் வேலை செய்யும்.

துடுப்புக்காலியின் நீண்ட உணர்கொம்பில் உள்ள மயிர்கள் நீரின் சிறு அசைவையும் உணரும். மீன் வாய் நெருங்கியதுமே ஒரு துள்ளு. நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு தூரம் பாயும் வேகம் அது. அதனால்தான் நீரில் ஏராளமாக இருக்கிற இரை வயிற்றில் குறைவாக இருக்கும். சிப்பியின் இளவுயிரி, இறால் குஞ்சு போன்ற மந்தமான ஆட்கள் நீரில் குறைவாக இருந்தும் வயிற்றில் அதிகம் சேர்வார்கள்.

இன்னொரு பக்கம், முட்டைப் பையைச் சுமக்கும் பெண் துடுப்புக்காலி. உடல் கண்ணாடி போல இருந்தாலும் முட்டைப் பை மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும், பாரத்தால் துள்ளலும் குறையும். பால்டிக் கடலில், சாளையின் உறவான ஹெர்ரிங் மீன்கள் இப்படிப்பட்ட பெண்களையே அதிகம் தின்பதைக் கண்டார்கள். ஆனால் 1994இல் வந்த ஓர் ஆய்வில், மீனின் குடல் வழியே வெளியே வந்த முட்டைகளில் சில உயிரோடு இருந்து பொரித்தன. தாய் செரித்துப் போனாள், பிள்ளைகள் தப்பித்தார்கள்.

இரவில்?

பெரும்பாலான கொத்துத் தின்னிகள் பகல் ஆட்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் தொடங்கும், அந்தி சாயும்போது இன்னொரு மும்முரம். கண் தெரியாவிட்டால் கொத்த முடியாது. வடிகட்டுவதற்குக் கண் அவசியமில்லை.

எல்லாச் சின்ன மீனுக்கும் ஒரே சாப்பாடுதானா?

ஒரே வலையில் விழுந்தாலும் சாப்பாடு வேறு வேறு. காரல் குடும்பத்தைப் பாருங்கள். சில காரல்களின் வாய் மேல்நோக்கிக் குழாய் போல நீளும், அவை நீரில் மிதப்பதை உறிஞ்சுகின்றன. சிலவற்றின் வாய் கீழ்நோக்கி நீளும், அவை தரையில் புழுவையும் சின்னஞ்சிறு ஓட்டுயிரிகளையும் தேடுகின்றன. கோரைப்பல் முளைத்த ஒரு காரலும் உண்டு, அது சின்ன மீனையும் இறாலையும் கடிக்கிறது. சந்தையில் மூன்றையும் ஒரே கூறில் ‘காரப்பொடி’ என்று அள்ளிப் போடுவார்கள். வாயைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள், யார் எங்கே சாப்பிட்டார் என்று வாயே சொல்லும். (இந்தக் குடும்பத்துக்குத் தொண்டையைச் சுற்றி ஒளிவிடும் பாக்டீரியாவை வளர்க்கும் பை ஒன்றும் இருக்கிறது. அது தனிக் கதை.)

பொருவா குஞ்சாக இருக்கும்போது துடுப்புக்காலி தின்னும். வளர்ந்ததும் சென்னாக்குன்னி என்ற பொடி இறால், இறால் குஞ்சு, சமயத்தில் சின்ன மீன் என்று பெரிய இரைக்கு மாறும். மடவை நேர்மாறு. குஞ்சில் விலங்கு மிதவை தின்றது, சில சென்டிமீட்டர் வளர்ந்ததும் சேற்றுக்கு இறங்கி மக்கிய கழிவையும் டயாட்டத்தையும் மணலோடு அள்ளும். அதன் இரைப்பையில் கோழிக்கு இருப்பது போல தடித்த அரைவைப் பகுதி ஒன்று உண்டு, மணலும் சேர்ந்து அரைக்கும். ஆகவே “மடவை மிதவை தின்னியா?” என்று கேட்டால் “எத்தனை சென்டிமீட்டர் மடவை?” என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஏற்றத்தில் சாப்பிடுமா, வற்றத்திலா?

தமிழகக் கரையில் ஓதத்தின் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் அந்த ஒரு முழம் நீர்தான் முகத்துவாரத்தில் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. ஏற்றத்தில் கடல் மிதவைகள் உள்ளே வருகின்றன. வற்றத்தில் வாய்க்காலில் இருந்ததெல்லாம் வெளியே இழுபடுகிறது. இரண்டு நீரும் மோதும் கோட்டில் நுரையும் இலைச் சருகும் நீளமாகச் சேரும், மிதவைகளும் அங்கேதான் குவியும். அந்தக் கோட்டை ஒட்டித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சின்ன மீன்கள் துள்ளுவதைப் பார்க்கலாம்.

வீச்சுவலை போடும் பெரியவர் ஒருவர் நான் பாட்டிலும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “வயித்தக் கிழிச்சு என்னத்தத் தேடுற தம்பி? ஏத்தம் தலை கட்டையில நொர கோட்டுல வந்து நில்லு, அது திங்கிறதயே பாக்கலாம்” என்றார். அவர் சொன்ன நேரத்தில் போய் நின்றேன். அன்றைக்கு எடுத்த பொருவாக்கள் எல்லாம் வயிறு முட்ட இருந்தன. அதுவரை நான் எடுத்த மாதிரிகளில் பாதிக்கு மேல் காலி வயிறு. நேரம் தப்பாக எடுத்தது நான், பழியை மீன் மேல் போட்டிருந்தேன்.

மழைக்காலத்தில் என்ன ஆகும்?

நீர் செங்கலங்கலாகும். கண்ணை நம்பும் மீனுக்குச் சிரமம். உப்பு இறங்குவதால் கடல் வகைத் துடுப்புக்காலிகள் வெளியேறும் அல்லது மடியும். கடல் மீன்களும் முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்விடும். ஆனால் அந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய உரச்சத்து, மழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் பாசியாக முளைக்கிறது. பாசிக்குப் பின்னால் துடுப்புக்காலி, அதற்குப் பின்னால் மீன் குஞ்சு என்று வரிசை கட்டும். குஞ்சு பொரித்த வாரமும் பொடி இரை பெருகும் வாரமும் ஒன்றாக அமைந்தால் அந்த வருஷக் குஞ்சுகளுக்கு யோகம். தப்பினால் பட்டினி. நார்வே மீன் ஆய்வாளர் யோர்ட் 1914லேயே இந்தப் பட்டினிக் கட்டத்தைப் பற்றி எழுதிவிட்டார்.

வயிற்றில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எல்லாம் கூழாகத்தானே இருக்கும்?

பெரும்பாலும் கூழ்தான், பொய் சொல்லவில்லை. பிடித்த உடனே மீனை ஃபார்மலினில் போட வேண்டும், இல்லாவிட்டால் செத்த பிறகும் செரிமானம் நடந்துகொண்டே இருக்கும். அப்புறம் வயிற்றைக் கீறி இரைப்பையைத் தனியே எடுத்து, உள்ளிருப்பதைச் சொட்டு நீரில் கலைத்து, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். முழுத் துடுப்புக்காலி கிடைப்பது அதிர்ஷ்டம். வழக்கமாகக் கிடைப்பது ஒரு கால், ஒரு வால் முனை, கரிய கண் புள்ளி ஒன்று. கண்களை எண்ணி இரண்டால் வகுத்து இறால் குஞ்சுகளின் தலைக்கணக்கு எடுத்த நாட்கள் உண்டு.

எண்ணியதை என்ன செய்வது என்பதில்தான் வம்பு. மூன்று வழிகள் உண்டு. எத்தனை இருந்தன, எவ்வளவு இடம் பிடித்தன, எத்தனை மீன்களில் இருந்தன. மூன்றும் மூன்று பதில் சொல்லும். 20 மைக்ரான் டயாட்டத்தையும் ஒரு மில்லிமீட்டர் துடுப்புக்காலியையும் தலைக்கு ஒன்றாக எண்ணுவது கடுகையும் பூசணியையும் எண்ணிக்கையில் ஒப்பிடுவது போல. நீளத்தில் 50 மடங்கு என்றால் கன அளவில் பல்லாயிரம் மடங்கு.

இதற்குப் பெரு நாட்டு நெத்திலியை விட நல்ல உதாரணம் இல்லை. அது கழிமுகத்து மீன் இல்லை, திறந்த கடல் மீன். ஆனாலும் பாடம் ஒன்றுதான். டயாட்டம் தின்று வாழும் மீன் என்றே அது பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டது. 2008இல் வெளியான ஆய்வில் இருபதாயிரத்துக்கும் அதிகமான வயிறுகளைப் பார்த்தார்கள். எண்ணிக்கையில் 99 சதவீதத்துக்கும் மேல் தாவர மிதவைதான். ஆனால் இரையில் உள்ள கரிமத்தை (கார்பனை) கணக்குப் போட்டால் ஏறத்தாழ 98 சதவீதம் விலங்கு மிதவையிலிருந்து வந்தது. மீன் அப்படியேதான் இருந்தது, கணக்குத்தான் மாறியது.

தேர்ந்தெடுக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

வயிற்றை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது. அதே நேரத்தில் அதே இடத்து நீரை மிதவை வலையில் வடித்து, அதில் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். ரஷ்ய ஆய்வாளர் இவ்லெவ் தந்த எளிய கணக்கு இன்றும் பயன்படுகிறது. வயிற்றில் ஓர் இரையின் பங்கிலிருந்து நீரில் அதன் பங்கைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நீரில் 20 சதவீதம், வயிற்றில் 60 சதவீதம் என்றால் 40ஐ 80ஆல் வகுக்க, 0.5 வரும். கூட்டல் 1 பக்கம் போனால் விரும்பித் தின்கிறது, கழித்தல் 1 பக்கம் போனால் தவிர்க்கிறது.

‘விரும்பி’ என்ற சொல்லில் கொஞ்சம் கவனம் தேவை. துள்ளித் தப்பிய இரையை மீன் வெறுக்கவில்லை, அதனால் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?

வெதுவெதுப்பான நீரில் சின்ன மீனின் வயிறு சில மணி நேரத்தில் காலியாகிவிடும். ஆகவே ஒரு வேளை வயிற்றை எடை போட்டு ஒரு நாள் கணக்குச் சொல்ல முடியாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாக 24 மணி நேரமும் மீன் பிடித்து, வயிறு நிரம்பும் வேகத்தையும் காலியாகும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ராத்திரி மூன்று மணிக் கொசுக்கடி இந்தத் துறையின் சீதனம்.

அலையாத்தி இலை உதிர்ந்து மக்கித்தான் இந்த மீன்களுக்குச் சாப்பாடாகிறது என்று படித்தேனே?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். உண்மை அவ்வளவு நேரடியாக இல்லை. இலையின் கரிமத்துக்கும் மிதவைப் பாசியின் கரிமத்துக்கும் எடைகூடிய கரிம அணுக்களின் விகிதத்தில் வித்தியாசம் உண்டு. தின்றவரின் சதையில் அந்த முத்திரை தங்கிவிடும். கோதாவரிக் கழிமுகத்தில் கோரிங்கா அலையாத்திப் பகுதியில் இந்த முறையில் பார்த்தபோது, அங்குள்ள முதுகெலும்பில்லாத உயிர்கள் பலவற்றுக்கு இலையை விட நுண்பாசிகளே முக்கிய ஆதாரமாகத் தெரிந்தன. இதே முறையில் கனமான நைட்ரஜனை அளந்தால் உணவுச் சங்கிலியில் படிக்கு ஏறத்தாழ ஆயிரத்துக்கு 3.4 என்ற அளவில் கூடிக்கொண்டே போகும், மீன் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று அதிலிருந்து மதிப்பிடலாம். அலையாத்தி வேண்டாம் என்று அர்த்தமில்லை. குஞ்சுகள் ஒளிந்துகொள்ள அந்த வேர்களை விட்டால் வேறு இடம் ஏது?

இவ்வளவு சின்ன மீன் தின்று நீர் மாறிவிடுமா?

மாறும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஓர் ஏரிக்குள் சாளையின் உறவுக்கார மீன் ஒன்று புகுந்தது. புகுவதற்கு முன் 1942இல் எடுத்த மாதிரியையும் புகுந்த பின் 1964இல் எடுத்ததையும் ஒப்பிட்டு 1965இல் எழுதினார்கள். பெரிய விலங்கு மிதவைகள் அனேகமாகத் துடைத்தெடுக்கப்பட்டு, பொடி வகைகளே மிஞ்சியிருந்தன. கழிமுகத்தில் ஓதம் தினமும் புது நீரைக் கொண்டுவருவதால் இவ்வளவு சுத்தமாகத் தெரியாது.

அணை கட்டினால், முகத்துவாரம் மணல் மூடினால்?

அஸ்வான் உயர் அணைக்கு முன், நைல் நதியின் வெள்ளம் வருஷந்தோறும் கடலில் கலந்ததும் டயாட்டம் பொங்கும், சாளைக் கூட்டம் கரையை மொய்க்கும். எகிப்தின் சாளைப் பிடிப்பு 1962இல் சுமார் 18,000 டன். அணை வெள்ளத்தை நிறுத்திய பிறகு, அறுபதுகளின் கடைசியில் அது ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. பிற்பாடு 1980களின் இறுதியிலிருந்து பிடிப்பு மீண்டு வந்தது.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, முகத்துவாரத்தையே மணல் திட்டு அடைத்துக்கொள்வது. அடையாற்றிலும் பழவேற்காட்டிலும் இது பழைய பிரச்சினை. கதவு மூடினால் கடலில் பொரித்த குஞ்சு உள்ளே வர வழியில்லை, உள்ளே இருக்கும் மிதவைக்கும் புது நீர் இல்லை. தூர்வாரித் திறந்துவிடச் சொல்லி மீனவர்கள் கேட்பது படகு போக மட்டும் இல்லை.

வயிறு வெடித்த சாளையை வாங்கலாமா? நெத்திலியை வயிற்றோடு சாப்பிடலாமா?

வயிறு வெடிப்பதற்குச் சாப்பாடே காரணம். வயிறு நிறைய மிதவை தின்ற நேரத்தில் பிடிபட்ட மீனுக்குச் செரிமானச் சாறு முழு வீச்சில் இருக்கும். உடனே ஐஸ் போடாவிட்டால் அந்தச் சாறு வயிற்றுச் சுவரையே கரைத்துவிடும். ஆகவே வெடித்த வயிறு இரண்டு சேதி சொல்கிறது: நன்றாகத் தின்ற மீன், நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படாத மீன். நான் வாங்க மாட்டேன்.

நெத்திலியின் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும், அதை எடுத்துவிடுவதே என் பழக்கம். மிதவை தின்னும் மீனின் வயிற்றில் மிதவையின் நஞ்சும் சேரலாம். 1991இல் கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் நெத்திலி தின்ற கூழைக்கடாக்கள் செத்து விழுந்தன. நெத்திலி தின்றிருந்த டயாட்டம் ஒன்றின் நஞ்சுதான் காரணம். நெத்திலிக் கருவாட்டில் கடிபடும் மணல் வேறு விவகாரம். அது மீன் தின்றது இல்லை, கரையில் காயப்போட்ட இடத்தில் ஒட்டியது.

இதையெல்லாம் நானே பார்க்க ஆரம்பிக்க என்ன வேண்டும்?

ஒரு லென்ஸ், ஒரு வெள்ளைத் தட்டு, முனை கூரான சின்னக் கத்தரிக்கோல். கத்தி வேண்டாம், இரைப்பையையும் சேர்த்து அறுத்துவிடும். காரலில் ஆரம்பியுங்கள், வயிறு மெல்லியது, எளிதாகத் திறக்கும். விடியற்காலை வலையில் வந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள், பத்து மணிக்கு மேல் கூடையில் கிடப்பது உதவாது. எத்தனை மணிக்குப் பிடித்தது, அப்போது ஏற்றமா வற்றமா என்று விற்கிற அக்காவிடமே கேட்டு, வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் எழுதி வைத்துவிடுங்கள்.